நடுவில் நடப்பவள்

முதல் பஸ் ஆறு மணிக்கு.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் அந்த பஸ்ஸைப் பிடித்தால் மீன் விலைக்குப் போகும். அடுத்த பஸ்ஸில் போனால் பொன்னேரிக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். மேட்டுக்குப்பத்துப் பெண்களின் நடை அந்த பஸ்ஸுக்காக உண்டானது. தலையில் கூடை, கூடைக்கடியில் சும்மாடு, ஒரு கை கூடை விளிம்பில், ஒரு கை வீச்சில். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. ஒருத்தி பின்னால் ஒருத்தி. முன்னால் போகிறவளின் குதிகால் எழும்பும்போது பின்னால் வருகிறவளின் குதிகாலும் எழும்பும். அப்படிப் போனால் கூடை குலுங்காது, மூச்சும் வாங்காது. யாரும் சொல்லித் தந்த நடை அல்ல.

குப்பத்துக்கும் பழவேற்காட்டு ஊருக்கும் நடுவில் ஏரியின் கால்வாய் ஓடுகிறது. முன்பு தோணியில் கடந்தார்கள். எண்பத்திரண்டில் பாலம் வந்தது.

கட்ட வந்த என்ஜினியர் உலகநாதன் முதலில் தண்ணீருக்குள் தூண்கள் போட்டுத்தான் படம் வரைந்திருந்தார். குப்பத்துத் தலைவரான நாட்டார் கோதண்டம் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கால்வாய் குப்பத்தின் பாடு. இறாலுக்கு வலை கட்டும் இடம். ஆண்டுதோறும் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். குப்பத்தில் பிறந்த ஆணுக்குத்தான் சீட்டில் பெயர். பாட்டுக்குள் ஒரு கம்பு நட்டாலும் நீரோட்டம் பிளந்து இறால் ஒதுங்கிவிடும் என்றார் கோதண்டம். தூண் இல்லாமல் கட்ட முடிந்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்குத் தோணி போதும் என்றார்.

உலகநாதனுக்கும் தூண் மேல் நம்பிக்கை போயிருந்தது. துளை போட்டுப் பார்த்ததில் எவ்வளவு ஆழம் இறக்கினாலும் சேறுதான் வந்தது. மழையில் முகத்துவாரம் உடைந்து கடல் உள்ளே வந்தால் அடிமணல் ஒரே நாளில் இடம் மாறும். தூணின் காலை அரித்துவிடும். அவர் பாலத்தைத் தொங்கவிட முடிவு செய்தார். இரண்டு கரையிலும் இரும்புக் கோபுரம். கோபுரத்துக்குக் கோபுரம் இரும்பு வடம். வடத்திலிருந்து இறங்கும் கம்பிகளில் பலகைத் தளம். கரை மண் பலமில்லை என்பதால் எடையைக் குறைத்தார். எடையைக் குறைக்க அகலத்தைக் குறைத்தார். கூடையோடு ஒருத்தி போகலாம். எதிரே இன்னொருத்தி வர முடியாது. காற்றுக்குக் கணக்குப் போட்டார். பாலம் முழுக்க ஆள் நின்றால் என்ன பாரம் என்று கணக்குப் போட்டார். நடக்கிற கால் பலகையைக் கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளுகிறது என்பதற்குக் கணக்குப் போடவில்லை. அவர் படித்த புத்தகங்களில் அது இல்லை.

திறப்பு விழாவில் வெள்ளை வேட்டிகள் நடந்தன. பாலம் அசையவில்லை. மறுநாள் விடியலில் பெண்கள் கூடையோடு ஏறினார்கள். பாதி தூரத்தில் தளம் மெல்ல இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம். விழாமலிருக்கக் காலை அகட்டி வைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அகட்டி வைத்தார்கள். பாலம் இன்னும் அகலமாக ஆடியது. கூடைகள் சரிந்து மடவையும் நண்டும் கால்வாயில் விழுந்தன. பெண்கள் பலகையில் குந்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் கிளம்பும் சத்தத்தைக் கேட்டார்கள்.

உலகநாதனுக்கு ஆள் போனது. அவர் வந்து பார்த்துவிட்டு, மெதுவாக, இடைவெளி விட்டு நடக்கச் சொன்னார். ஒருநாள் அப்படி நடந்தார்கள். பாலம் ஆடவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த நாள் யாரும் மெதுவாக நடக்கவில்லை.

அவர் மறுபடி வந்த காலையில்தான் லோகாம்பாள் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இடது கால் குட்டை. சிறுமியாக இருந்தபோது தோணியிலிருந்து குதித்து, தோணிக்கும் துறைக்கட்டைக்கும் இடையில் கால் நசுங்கியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கோணலாக. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் இறங்கி ஏறும். பெண்கள் அவளை எப்போதும் வரிசையின் வாலில் விட்டுவிடுவார்கள். வாலில் போனால் பஸ்ஸில் கூடை வைக்க இடமில்லை. அன்றைக்கு அவள் முந்திக் கிளம்பியிருந்தாள். முன்னால் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த வரிசை பாதிப் பாலத்தில் அவள் முதுகில் வந்து முட்டியது. ஒதுங்க இடமில்லை. திட்டிக்கொண்டே அவள் பின்னால் தடுமாறி நடந்தார்கள். ஆடத் தொடங்கியிருந்த பாலம் அப்படியே அடங்கியது.

உலகநாதன் அதைக் கரையிலிருந்து பார்த்தார். எல்லோரையும் திரும்பி வரச் சொன்னார். அவளை நடுவில் விட்டு ஒரு முறை, அவள் இல்லாமல் ஒரு முறை. பஸ் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாரும் ஒரே தாளத்துல கால் வெக்கிறீங்க. பாலத்துக்கும் அதே தாளம் இருக்கு, அதான் சேர்ந்து ஆடுது. நடுவுல ஒருத்தர் தப்பி நடந்தா பின்னாடி வர்றவங்களுக்கும் தப்புது. பக்கவாட்டுல கம்பி கட்டுற வரைக்கும் இந்தம்மாவை நடுவுல விட்டு நடங்க. அவ்வளவுதான்."

யாராவது நொண்டினால் போதாதா என்று குப்பம்மாள் கேட்டாள். மீன்காரப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் சொல்லி, அவள் மருமகள் திரௌபதி காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள். பெண்கள் சிரித்தார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை, அவள் கால் பாலத்தோடு சேர்ந்துகொண்டது.

"நான் இன்னா பண்றது அத்தை," என்றாள் திரௌபதி. "அது ஆடறப்ப காலு தானா அதும் பின்னால பூடுது."

லோகாம்பாளின் கால் எதன் பின்னாலும் போகாது. அது அப்படியே இறுகிவிட்ட கால்.

ஏற்பாடு சுலபமாக முடிந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் ஒருத்தி போதாது என்பதால் பெண்கள் இரண்டு கூட்டமாகப் போவார்கள். லோகாம்பாள் முதல் கூட்டத்தின் நடுவில் போய், இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, இரண்டாவது கூட்டத்தோடு மறுபடி போவாள். கூடையோடு இப்படி அலைய முடியாது என்பதால் அவள் மீன் விற்பதை விட்டாள். அதற்குப் பதிலாக அவள் புருஷன் பொன்னுரங்கத்தின் பெயரைப் பாட்டுச் சீட்டில் சேர்த்தார்கள்.

பொன்னுரங்கம் வேறு குப்பத்தில் பிறந்தவன். நொண்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். இத்தனை வருஷமாகச் சேற்றில் மண்டியிட்டு, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையாக வந்தவனுக்குப் பாடு கொடுத்ததாக அந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. முதல் பாட்டு நாளன்று அவன் வெள்ளை இறால் ஒரு கூடை கொண்டுவந்தான். அதில் பெரியதாகப் பொறுக்கி வீட்டுக்கு வைத்தான். லோகாம்பாள் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். கேழ்வரகுக் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து, சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டே அவன் சொன்னான்.

"இந்த ஊர்ல எனுக்கு நொண்டி புருசன்னுதான் பேரு. இன்னிக்கி நாட்டாரு பேர் சொல்லிக் கூப்ட்டாரு. பொன்னுரங்கம், உன் வலை எதுன்னு கேட்டாரு."

"கூப்ட்டது உன்னியவா, எங்காலயா?"

அவன் களியை வாயில் போட்டுக்கொண்டான்.

பக்கவாட்டுக் கம்பி வரவில்லை. வாடைக் காற்று வந்தது. ஏரி உப்பித் துறைக்கட்டைகளை மூடியது. மழையில் பாலத்துப் பலகைகள் ஊறி, மீன் தண்ணீரும் சேர்ந்து வழுக்கின. லோகாம்பாள் அதில் போய் வந்து போய் வந்தாள். முன்பு ஒரு தடவை கடந்த தூரத்தை இப்போது பல தடவை கடந்தாள். மாலையில் இடுப்பு மூட்டு கனன்றது. மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். வலி மிகுந்த நாட்களில் காலைத் தூக்கி வைத்தாள். அப்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"இன்னாமே, இன்னிக்கி கால் ஒழுங்கா போவுது? நல்லா இழுத்து நட. கூடை ஆடுது பார்."

சிரிப்பார்கள். சில நாள் அவளும் சிரித்தாள்.

ஊர்ப் பக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே நர்ஸாக இருந்த ராபியா பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண். தினம் பாலத்தடியில் குந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் லோகாம்பாளைப் பார்த்துவிட்டு, அளவெடுத்துக்கொண்டுபோய், தோல் தைப்பவனிடம் ஒரு ஜோடி செருப்பு செய்து வாங்கினாள். இடது செருப்புக்கு அடிப்பாகம் தடிமன். போட்டு நடந்தால் இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக விழுந்தன. லோகாம்பாள் கண்ணாடி இல்லாமலே தன் தோள் நேராக இருப்பதை உணர்ந்தாள்.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நடுவில் வரும்போது பலகை இடது பக்கம் போனது.

"நிறுத்துங்கடி," என்றாள் குப்பம்மாள். வரிசை நின்றது. அவள் லோகாம்பாளுக்கு முன்னால் இருந்தாள். கூடையைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிக் கீழே பார்த்தாள். "கழட்டு."

லோகாம்பாள் கழற்றவில்லை. கூடை சுமந்தவளால் குனிய முடியாது. பின்னால் நின்ற திரௌபதியின் கூடை சிறியது. அவள் அதை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு குனிந்தாள்.

"அத்தை சொல்றாங்கக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, லோகாம்பாளின் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிச் செருப்பை உருவினாள். கால்வாயில் போட்டாள். தடித்த செருப்பு உடனே முழுகவில்லை. நீரோட்டத்தில் கொஞ்ச தூரம் போனது.

"நட," என்றாள் குப்பம்மாள்.

ராபியா அதைக் கேள்விப்பட்டாள். மெட்ராஸிலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் வரும் நாளில் லோகாம்பாளை வரிசையின் முதலில் உட்கார வைத்தாள். டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், படம் எடுத்து வரச் சொன்னார். பொன்னேரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ராபியாவிடம்தான் பேசினார். அவர் போன பிறகு ராபியா அதை லோகாம்பாளுக்குச் சொன்னாள்.

"எலும்பை ஒடச்சித் திரும்பச் சேப்பாங்க. கம்பி வெச்சி. பெரிய ஆஸ்பத்திரில பெட்டு தரேன்னு சொல்லிட்டாரு. கால் நீளம் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா நேரா நிக்கும். ஆனா இந்த வருஷம் போகணும் லோகா. இடுப்பு மூட்டு தேஞ்சிக்கிட்டு வருது. நீ இப்படியே பாலத்துல அலைஞ்சா, அடுத்த வருஷம் காலைச் சேத்தாலும் பிரயோசனம் இல்ல. நடக்கவே முடியாது."

"நடக்கவேன்னா?"

"நடக்கவே முடியாதுன்னா முடியாதுதான்."

பொன்னுரங்கத்திடம் சொன்னாள். அவன் வலையின் கிழிசலைப் பார்த்தபடி கேட்டான். ஊரில் கேட்டுவிட்டுப் போகலாம், கேட்காமல் போனால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது, நானே எழுந்து கேட்கிறேன் என்றான். அவள் நம்பினாள்.

வெயில் தாழ்ந்த பிறகு கோயில் முன்னால் ஊர் கூடியது. பாட்டுச் சீட்டில் பெயருள்ளவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். துவைத்த சட்டை. பெண்கள் பூவரச மரத்தடியில் நின்றார்கள். கோதண்டம் விஷயத்தை அவரே எடுத்தார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பொம்பளைக்கு வைத்தியம் வேணாம்னு யாரும் சொல்லல. கம்பி கட்டிட்டா அப்பால போவட்டும். நாமளே வண்டி வெச்சி அனுப்பலாம். இப்ப போயிட்டா, எத்தினி மாசம்? அதுவரைக்கும் எல்லா வூட்டுப் பொழப்பும் பாலத்துல ஆடணுமா? நீ இன்னா சொல்றே பொன்னுரங்கம்?"

பொன்னுரங்கம் எழுந்தான். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான்.

"ஊர் சொல்றதுதான்," என்றான். உட்கார்ந்தான்.

கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. லோகாம்பாள் மரத்தடியிலிருந்தே பேசினாள்.

"மெதுவா நடந்தா பாலம் ஆடாது. எஞ்சினீரு மொதல்ல அத்ததான் சொன்னாரு. கொஞ்சம் முன்னால கெளம்பி மெதுவா நடந்தா போதும். நான் எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். முன்னால் கிளம்புவதென்றால் வலையை முன்னால் தூக்க வேண்டும், வலையை முன்னால் தூக்கினால் கடைசி ஓட்டத்து இறால் போய்விடும் என்று ஒருவன் விளக்கினான். அவளுக்கும் அது தெரியும். கோதண்டம் கையை உயர்த்தினார். குரலை உயர்த்தவில்லை. அவள் போனால் பாடும் போகும் என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. வேர்க்கடலை கொடுத்தார்கள். பொன்னுரங்கம் அவளுக்கும் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டில் அவள் அவனைத் திட்டவில்லை. அவன் கடலையைத் தட்டில் கொட்டி அவள் பக்கம் நகர்த்தினான். அவர்களும் மனுஷர்கள்தான், கம்பி சீக்கிரம் வந்துவிடும் என்றான். பிறகு விளக்கைத் தணித்துவிட்டு, திரும்பவும் சேற்றில் மண்டி போட முடியாது என்றான். அதை மட்டும் உண்மையாகச் சொன்னான்.

தை பிறந்ததும் உலகநாதன் வடங்களுக்கு மசகு போட ஆட்களோடு வந்தார். லோகாம்பாள் கோபுரத்தடியில் போய் நின்றாள். கம்பி எப்போது வரும் என்று கேட்டாள். அவர் அவளை அடையாளம் கண்டு, எழுந்து நின்றார்.

"எஸ்டிமேட் ரெண்டு தடவை அனுப்பினேன்மா. திருப்பி அனுப்பிட்டாங்க. பாலம் உபயோகத்துல இருக்கு, புகார் ஒண்ணும் இல்ல, எதுக்குச் செலவுன்னு கேக்கறாங்க. ஆடினாத்தானே நான் ஆடுதுன்னு எழுத முடியும்?"

"நான் நடக்காம நின்னுட்டா ஆடும்."

"ஆடும்," என்றார் அவர். பிறகு அவள் காலைப் பார்த்தார். தான் சொன்னது தற்காலிகத்துக்குத்தான் என்றார். யாரும் இவ்வளவு நாள் இழுக்கும் என்று நினைக்கவில்லை என்றார். ஏணியின் மேல் நின்ற ஆள் அவரைக் கூப்பிட்டான். அவர் போய்விட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை தருவதாகச் சொன்ன நாள் வந்தது. லோகாம்பாள் ஒரு புடவையையும் போர்வையையும் பழைய மீன் கூடையில் வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினாள். பொன்னுரங்கம் கால்வாயில் வலையோடு இருந்தான். அவள் தலையில் கூடையைப் பார்த்துக் குப்பம்மாள் கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னாமே, வியாபாரமா?"

"கொஞ்சம் கருவாடு. ராபியாம்மா கேட்டாங்க."

முதல் கூட்டம் ஏறியது. அவள் நடுவில் நடந்தாள். கொண்டல் காற்று கன்னத்தில் அடித்தது. பாலம் ஆடவில்லை. அக்கரையில் இறங்கியதும் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். லோகாம்பாள் திரும்பவில்லை. அவர்கள் பின்னால் நடந்தாள். பஸ் ஏறும் இடத்தில், கூடையை மேலே ஏற்றிவிட்டு இறங்கிய குப்பம்மாள் அவளைப் பார்த்தாள்.

"நீ எங்க இங்க வந்தே? அவளுங்க நின்னுக்கினு கீறாளுங்களே."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் அத்தே. ஒரு எட்டு திரும்பிப் போய்ச் சொல்லிடு. மெதுவா வரட்டும். உன் மருமவளும் அதுல கீறா."

குப்பம்மாள் பாலத்தின் பக்கம் பார்த்தாள். வீடுகள் மறைத்தன. பஸ் மேல் அவளுடைய கூடை, ஐஸ் வைத்த கொடுவா. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான். நீளமாக அழுத்தினான்.

"நீயே போய்ச் சொல்றதுதானே," என்றாள் குப்பம்மாள்.

லோகாம்பாள் பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் போனால் குப்பத்துக் கரையில் கோதண்டத்தின் ஆட்கள் நிற்பார்கள். மறுபடி விடமாட்டார்கள்.

குப்பம்மாள் கீழே நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தான். அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"கண்ணு இல்லியா அவளுங்களுக்கு," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "பாத்து வருவாளுங்க."

காலியாக இருந்தது லோகாம்பாளுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான். அதில் உட்கார்ந்தாள்.

குப்பத்துக் கரையில் இரண்டாவது கூட்டம் கூடையோடு காத்திருந்தது. லோகாம்பாள் வராமல் ஏறக்கூடாது என்பது ஏற்பாடு. ஹாரன் கேட்டது. அப்போதும் நின்றார்கள். மறுபடி கேட்டதும் யாரோ ஒருத்தி ஓடினாள், எல்லோரும் ஓடினார்கள். தாமதமாகிவிட்ட ஓட்டம். குதிகால்கள் ஒன்றாக எழும்பின. நடுப்பாலத்தில் தளம் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வீசியது. மீன் தண்ணீரில் வழுக்கி திரௌபதியின் கால் பலகை விளிம்புக்கும் தொங்கு கம்பிக்கும் நடுவில் இறங்கியது. உடம்பு மறுபக்கம் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் பின்னால் வந்தவளுக்குக் கேட்டது. பாலம் நிற்கும்வரை யாராலும் அவள் அருகில் போக முடியவில்லை. அவள் தலைகீழாகத் தொங்கியபடி பாலத்தோடு ஆடினாள். கால்வாயில் வலை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் பொன்னுரங்கம்தான் படகை முதலில் கீழே கொண்டுவந்தான்.

பஸ் வளைவில் திரும்பும்போது கரைப் பக்கம் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. குப்பம்மாள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"கூடை வுழுந்திருக்கும்," என்றாள்.

பொன்னேரி வந்தது. இறங்கும்போது லோகாம்பாளின் கூடை கனமில்லாமல் இருந்ததால் குப்பம்மாளே அதை எடுத்துக் கொடுத்தாள். ஒருத்தி சந்தைக்குப் போனாள். ஒருத்தி ரயிலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் லோகாம்பாளின் காலை உடைத்துச் சேர்த்தார்கள். மாவுக்கட்டுக்குள் அரித்தது. பக்கத்துப் படுக்கைக்காரி விசிறிக் காம்பு கொடுத்தாள். பொன்னுரங்கம் ஒரே ஒரு தடவை வந்தான். பாடு போய்விட்டது என்றான். சேற்றில் இறங்கிய முழங்காலில் சிப்பி கிழித்த காயம் இருந்தது. திரௌபதிக்குக் கால் உடைந்ததையும் அவன்தான் சொன்னான். லோகாம்பாள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"எந்த ஆஸ்பத்திரில சேத்தாங்க?"

"ஊர்லதான். கட்டு கட்டிக் கீறாங்க."

"இங்க இட்டுக்கினு வரச் சொல்லுயா. இந்த டாக்டரே பாப்பாரு. நாளாச்சின்னா கோணலா கூடிக்கும்."

"நாட்டாரு வோணாம்னுட்டாரு."

"ஏன்?"

அவன் பாதி கட்டிய ஜன்னல் திரையைப் பார்த்தான். கொண்டுவந்த வறுத்த சுறாவை ஆயா உள்ளே விடவில்லை என்றான். அதை வெளியே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்தான்.

ஆடியில் அவளை அனுப்பினார்கள். ஊன்றுகோலை ராபியாவிடம் விட்டுவிட்டு, மதிய வெயிலில் தனியாகப் பாலத்துக்கு வந்தாள். கோபுரத்தில் புதிதாக ஒரு தகரப் பலகை. கூட்டமாக நடக்கக் கூடாது, மீறினால் நேரும் விபத்துக்கு இலாகா பொறுப்பல்ல. பக்கவாட்டில் கம்பி எதுவும் கட்டியிருக்கவில்லை. அவள் ஏறினாள். இரண்டு காலும் ஒரே சத்தத்தில் விழுந்தன. நடுவில் வந்தபோது பலகை அடியில் மிக லேசாக அசைந்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. மெதுவாக நடந்து இறங்கினாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குப்பம்மாள் வீட்டுக்குப் போனாள்.

கீற்று நிழலில் திரௌபதி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கால் ஒரு சாக்கின் மேல் நீண்டிருந்தது. கட்டை அவிழ்த்திருந்தார்கள். பாதம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு கழி. சற்றுத் தள்ளி அவள் புருஷன் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். இறால் கூடைகள் நிறைய இருந்தன. பொன்னுரங்கத்தின் பாட்டு நாளும் இப்போது இந்த வீட்டுக்கே என்று அவள் வழியிலேயே கேட்டிருந்தாள். குப்பம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வா லோகா," என்றாள் நிமிராமல். "நண்டு கொழம்பு கீது. சாப்பிடு."

லோகாம்பாள் திரௌபதியின் அருகில் உட்கார்ந்து அவள் காலைத் தொட்டாள். தோலுக்கடியில் எலும்பு முண்டாகத் தட்டுப்பட்டது. அழுத்தியபோது திரௌபதி பல்லைக் கடித்தாள்.

"இன்னும் வலி கீது. முழுசா எறுகல," என்றாள் லோகாம்பாள். "இப்ப போனா ஒடச்சி நேராக்கிடுவாங்க அத்தே. டாக்டரு எனக்குத் தெரிஞ்சவரு. ராபியாம்மா சீட்டு எழுதித் தருவாங்க. நானே கூட இருந்து பாத்துக்கறேன். நாளைக்கே போலாம்."

வலை பொத்தும் ஊசி நின்றது. பிறகு ஓடியது. குப்பம்மாள் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள். இன்னொரு தண்ணீர் விட்டுக் களைந்தாள். அரிசி ஏற்கெனவே வெளுத்திருந்தது.

"அத்தே, உன்னியதான் கேக்கறேன்."

குப்பம்மாள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரௌபதியின் புருஷன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான்.

திரௌபதி இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். ஓட்டை உரித்துச் சதையைச் சட்டியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். லோகாம்பாளின் காலை, அது தரையில் நேராகப் படிந்திருப்பதை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே கேட்காத குரலில் கேட்டாள்.

"யக்கா, நடுப்பாலத்துல கம்பியப் புடிச்சிக்கினு நடக்கணுமா, வுட்டுட்டு நடக்கணுமா?"